ஆயிரம் அலைகளும் ஒரு பிள்ளையின் குரலும்

(பரிசளிப்பு விழாவில் பள்ளி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

"அறிவியலில் ஏதாவது பேசுங்கள், ஆனால் எல்லாருக்கும் புரியணும்" என்று தலைமையாசிரியர் கட்டளையிட்டார். ஆகவே நம் எல்லார் சட்டைப்பையிலும் இருக்கிற கைப்பேசியைப் பற்றியே பேசப் போகிறேன். முதலில் நான் செய்த ஒரு தவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. பள்ளிக்கூடம் பூட்டப்பட்டது. பாடமெல்லாம் கைப்பேசியில்தான். தோட்டத்து உள்பக்கத்து லயத்திலிருந்து ஒரு பையன் அப்பாவின் கைப்பேசியில் வகுப்புக்கு வருவான். நான் பேசுவது அவனுக்கு நன்றாகக் கேட்கும். அவன் பேசுவது மட்டும் எனக்குக் கேட்காது. "வாய்ப்பாடு சொல்லுப்பா" என்பேன். வாய் அசையும், பிறகு படம் அப்படியே நின்றுவிடும். படிக்காமல் மழுப்புகிறான் என்று எண்ணி, ஒரு நாள் கடிந்தும் விட்டேன். மறுநாள் அவன் தாயார், "சார், புள்ள சொல்லிக்கிட்டுத்தான் இருக்கான். ஒங்களுக்குத்தான் கேக்கலை" என்றார். அந்தச் சொல் என்னைத் தைத்தது. ஏன் ஒரு பக்கம் கேட்கிறது, மறுபக்கம் கேட்கவில்லை என்று படிக்கத் தொடங்கினேன்.

கோபுரம் பத்துக் கணக்கான வாட் சக்தியில் பேசுகிறது. நம் கைப்பேசி பேசுவதோ, அதிகம் போனால் 0.2 வாட்டில். கோபுரத்தின் குரல் செம்பனைக் காட்டைத் தாண்டி வந்துவிடும். பிள்ளையின் குரல் அங்கே போய்ச் சேர்வதுதான் பாடு.

அந்தச் சிறு சக்தியையும் முழுவதும் பயன்படுத்த முடியாதபடி ஒரு சிக்கல் உண்டு. 4ஜி அலைவரிசை என்பது ஒரே அலை அல்ல. அகலமான ஒரு வரிசையில் 1,200 சிறு அலைகள் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன. ஒவ்வொன்றும் தன் போக்கில் ஏறி இறங்கும். எப்போதாவது பல அலைகள் ஒரே நொடியில் உச்சிக்கு வந்தால் என்ன ஆகும்?

மாணவர்களே, கணக்கைப் பாருங்கள். ஒரே அளவுள்ள நான்கு அலைகள் ஒன்றாக எழுந்தால் உயரம் 4 மடங்கு. சக்தி உயரத்தின் வர்க்கம், ஆகவே 16 மடங்கு. ஆனால் நான்கு அலைகளின் சராசரிச் சக்தி 4 மடங்குதான். உச்சம் சராசரியைப் போல் 4 மடங்கு. அப்படியே 1,200 அலைகளும் சேர்ந்தெழுந்தால் உச்சம் சராசரியைப் போல் 1,200 மடங்கு! அவ்வளவு நேர்வது மிக மிக அரிது. பத்து மடங்கு அளவு அடிக்கடி வரும், அதுவே பெருந்தொல்லை.

திருவிழாவில் நாலு பேர் ஒரே மைக்கில் கத்தினால் குழாய் ஒலிபெருக்கி 'கர்ர்' என்று இரையும் அல்லவா? அதே கதைதான். உச்சத்தைத் தாங்காத பெருக்கி அலையின் தலையை வெட்டிவிடும். செய்தி கெடும், பக்கத்து அலைவரிசையும் கெடும். பெரிய பெருக்கியாகப் போட்டால் விலை ஏறும், மின்சாரம் சூடாகி வீணாகும்.

வீண் மின்சாரம் என்றதும் நம் ரவாங்கின் பெருமை நினைவுக்கு வருகிறது. 1894இல் நம் நாட்டின் முதல் மின்னாக்கி ஓடியது இங்கே ஓர் ஈயச் சுரங்கத்தில்தான். லோக் இயூவும் நம்மவரான தம்புசாமிப் பிள்ளையும் சேர்ந்து செய்த காரியம் அது.

சரி, உச்சத்தை எப்படிக் குறைப்பது? 1831இல் இங்கிலாந்தில் பிராட்டன் என்ற இடத்தில் படைவீரர்கள் ஒரே தாளத்தில் நடந்தபோது தொங்குபாலம் இடிந்தது. அதற்குப் பிறகு, பாலத்தில் தாளம் கலைத்து நடக்கும்படி படைக்குக் கட்டளை வந்தது. அலைகளுக்கும் அதே வைத்தியம்தான். ஒரே செய்தியைப் பல தாளங்களில் அமைத்துப் பார்த்து, உச்சம் குறைந்ததை அனுப்புவது ஒரு வழி. சில அலைகளில் செய்தி ஏற்றாமல் ஒதுக்கிவைத்து, உச்சம் எழும்போது எதிர்த்துத் தள்ளவிடுவது இன்னொரு வழி. நம் நாடு 2019இல் முழுமையாக மாறிய மின்னிலக்கத் தொலைக்காட்சி முறையின் விதிகளில் இந்த இரண்டாம் வழி இடம்பெற்றிருக்கிறது.

இதில் இன்னொரு நுட்பம். கோபுரத்துக்கு அருகில் இருப்பவருக்கு ஒரே அடியில் 64 குறிகளில் ஒன்றை அனுப்பலாம், வேகம் அதிகம். தொலைவில் இருப்பவருக்கு 4 குறிகளில் ஒன்றுதான். இதைப் பண்பேற்றம் என்பார்கள். கரும்பலகையில் முன்வரிசைக்குப் பொடி எழுத்தும், கடைசி வரிசைக்குப் பெரிய எழுத்தும் எழுதுவது போல. இரண்டும் ஒரே பலகையில், ஒரே நேரத்தில் இருக்கின்றன. உச்சத்தை வெட்டினால் பலகையில் சுண்ணாம்புத் தூசு படிகிறது. பெரிய எழுத்து தூசிலும் தெரியும்; பொடி எழுத்து மறைந்துவிடும். ஆகவே கெட்டிக்காரப் பொறியாளர், தூசு பெரிய எழுத்துப் பக்கமாகவே விழும்படி கணக்குப் போடுகிறார்.

இன்னொரு முறையில் ஓரத்துக் குறிகளை மட்டும் வெளிப்புறமாக நகர்த்தி உச்சத்தைத் தணிக்கிறார்கள். 64 குறிகளில் ஓரத்தில் நிற்பவை 28தான். 4 குறிகளிலோ நான்குமே ஓரம்தான். அங்கேயும் பாரத்தை அதிகம் தாங்குவது எளிய குறிதான்!

கோபுரத்தில் இத்தனை வித்தையும் செய்ய இடமுண்டு. கைப்பேசியில் பேட்டரியும் சிறிது, பெருக்கியும் சிறிது. அதனால் 2008இல் 4ஜி விதிகளை முடித்தவர்கள், கைப்பேசி கோபுரத்துக்குப் பேசுவதற்கென்று வேறு முறையே வைத்தார்கள். ஒவ்வொரு குறியையும் தனி அலையில் ஏற்றாமல், தனக்குக் கிடைத்த எல்லா அலைகளிலும் பரப்பி அனுப்புவது அது. எளிய குறிகளில் உச்சம் ஏறக்குறையப் பாதியாகிறது. தொலைவில் நிற்கும் பிள்ளையின் குரலுக்காகவே, முகம் தெரியாத யாரோ உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறார்கள். நானோ அந்தப் பிள்ளையைக் கடிந்தேன்.

பெற்றோர்களே, தகரக் கூரைக்குள் கைப்பேசியை வைக்காமல் சன்னலோரம் வையுங்கள். லைன் குறைந்தால் கைப்பேசி தன் சக்தியைக் கூட்டிக் கத்தும். பேட்டரி சீக்கிரம் தீரும். மாணவர்களே, வர்க்கமும் கோணக்கணக்கும் எதற்கு என்று கேட்பீர்களே, இதற்குத்தான். உங்கள் தம்பி தங்கையின் குரலை எட்டவைக்கும் கணக்கு மீதி இருக்கிறது. நம் தோட்டத்துப் பிள்ளை அதைப் போடக்கூடாதா?

அந்தப் பையன் இப்போது இடைநிலைப் பள்ளியில் படிக்கிறான். நேரில் பார்த்தபோது மன்னிப்புக் கேட்டேன். சிரித்துவிட்டு, பதினாறாம் வாய்ப்பாட்டை முழுக்கச் சொன்னான். ஒரு எழுத்துக்கூட விடவில்லை.