வண்டி நிற்பது விதியாலா?



அமெரிக்காவில் குறுக்குத் தெருவே இல்லாத பெரிய மோட்டார் சாலைகள் இருக்கின்றன. அவற்றில் ஏறுவதற்குத் தனி வழி; இறங்குவதற்குத் தனி வழி. அப்படியிருந்தும் வண்டிகள் நின்று நின்றுதான் நகருகின்றன. இதற்குக் காரணம் என்ன? தலைவிதியா?

ஏறுவழியில் பத்து வண்டிகள் கும்பலாக வந்து நுழைகின்றன. சாலையில் வருகிறவன் அவற்றிற்கு இடம் விட பிரேக்கை அழுத்துகிறான். அவனுக்குப் பின்னால் வருகிறவன் இன்னும் பலமாக அழுத்துகிறான். இப்படியே பின்னுக்குப் பின் வளர்ந்து, கடைசியில் ஒருவன் அடியோடு நின்றே விடுகிறான். தான் ஏன் நின்றோம் என்பதே அவனுக்குத் தெரியாது. இறங்குவழியின் சங்கதி வேறு. கீழேயுள்ள ஊர்த்தெரு அடைத்துக்கொண்டால், இறங்குகிறவர்களின் வரிசை சாலை வரைக்கும் நீண்டு, நேரே போகிறவனையும் மறிக்கிறது.

திருகையில் கேழ்வரகைக் கைப்பிடி கைப்பிடியாகத்தானே போடுகிறார்கள்? ஒரேயடியாகக் கொட்டினால் கல் சுற்றுமா? இந்த யுக்தியைத்தான் 1963இல் சிகாகோவில் செய்தார்கள். ஏறுவழியில் ஒரு போலீஸ்காரரை நிறுத்தி ஒவ்வொரு வண்டியாக விட்டார்கள். பிறகு அந்த வேலையை விளக்குகள் செய்தன.

மின்னசோட்டா மாகாணத்தின் மினியாபொலிஸ், செயின்ட்பால் நகரங்களில் இவ்விதம் சுமார் 430 விளக்குகள் இருந்தன. "சாலை ஓடிக்கொண்டிருக்க, நாங்கள் ஏன் ஏறுவழியில் காத்துக் கிடக்க வேண்டும்?" என்று ஜனங்கள் கேட்டார்கள். அதற்கு "இஞ்சினீயர் சொன்னால் நம்பு" என்றா பதில் சொன்னார்கள்? இல்லை. பரீட்சை செய்து பார்க்கும்படி சட்டசபை உத்தரவிட்டது. 2000ஆம் ஆண்டில் சில வாரம் எல்லா விளக்குகளையும் அணைத்துப் பார்த்தார்கள்.

பலன் என்ன? பிரயாண நேரம் நூற்றுக்கு 22 கூடிற்று. விபத்துகள் நூற்றுக்கு 26 கூடின. சாலையில் சென்ற வண்டிகளோ நூற்றுக்கு 9 குறைந்தன. விளக்கால் நன்மை உண்டென்பது ருசுவாயிற்று.

ஆனால், குறை சொன்ன ஜனங்கள் முட்டாள்களா? அல்ல! காத்திருக்கும் நேரம் அதிகம் என்று அவர்கள் சொன்னது நியாயமே. ஆனபடியால், விளக்கை மறுபடி ஏற்றியபோது, ஊர்த்தெருவிலிருந்து ஏறுகிறவரை நான்கு நிமிஷத்திற்கு மேல் நிறுத்துவதில்லை என்று வரம்பு கட்டினார்கள்.

ஆகவே தோழர்களே! அதிகாரி சொன்னாலும் சரி, ஆயிரம் பேர் சொன்னாலும் சரி, காரணம் கேளுங்கள். பரீட்சை செய்து பாருங்கள். கண்ட உண்மை நமக்கு விரோதமாயிருந்தாலும் ஒப்புக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டு இத்துடன் முடித்துக் கொள்ளுகிறேன்.