காவலர் இருந்தும் காவாத வீடு



விரலில் முள் தைத்தால் அவ்விடம் சிவந்து வீங்குகின்றது. குருதியோடு ஓடும் வெண்குருதிக் கலங்கள் அவ்விடத்தை எவ்வாறு அறிகின்றன? காயமுற்ற இழையம் சில இரசாயனப் பொருள்களை வெளிவிடுகின்றது. கலத்தின் மேற்பரப்பிலுள்ள வாங்கிகள் அவற்றை உணர்ந்ததும், இன்ரகிரின் என்னும் வேறு வாங்கிகள் விழிப்புற்றுக் குருதிக்குழாயின் சுவரை இறுகப் பற்றுகின்றன. உருண்டு சென்ற கலம் நின்று, சுவரினூடே வெளியேறிக் கிருமியை விழுங்குகின்றது.

அரிதாகச் சில குழந்தைகள் இவ்வின்ரகிரினின் ஒரு கூறு குறைவுற்றுப் பிறக்கின்றன. குருதியில் வெண்குருதிக் கலங்கள் மிகுதி. புண்ணிலோ சீழ் இல்லை. பற்றுதற்குக் கையின்றிக் காவலர் வீதியிலேயே ஓடுகின்றனர். வீட்டினுள் கள்வர் புகுந்துவிடுகின்றனர். கடுமையான நிலையில் என்பு மச்சை மாற்றீடு உயிர்காக்கும் சிகிச்சையாகும்.

தாய்மாரே, 3 வாரங் கடந்தும் கொப்பூழ்க்கொடி விழாதிருப்பின் வைத்தியரிடம் காட்டுங்கள். அது இந்நோயின் முதல் அறிகுறியாகவும் இருக்கலாம்.