யாருடைய காலம் போகிறது?



1681ஆம் ஆண்டிலே லண்டன் மாநகரில் இரண்டு நூல்கள் வெளிவந்தன. ஒன்று நமது கண்டியோடு தொடர்புடையது. றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர் இலங்கையைப் பற்றி எழுதிய நூல் அது. 1660இல் கொட்டியாற்றுப் பகுதியிலே தந்தையாரோடு சிறைபிடிக்கப்பட்டபோது நொக்ஸ் இருபது வயதை எட்டாத இளைஞர். இரண்டாம் இராஜசிங்க மன்னனின் ஆட்சிக்குட்பட்ட கண்டிப் பிரதேசக் கிராமங்களிலே, தொப்பி பின்னி விற்றும் நெல்லை வட்டிக்குக் கொடுத்தும் அவர் காலங்கழித்தார். 1679இல் தப்பிச் சென்று அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தபோது பத்தொன்பது ஆண்டுகள் கழிந்திருந்தன. இளமை முழுவதையும் இந்த மலைகளுக்கிடையே விட்டுவிட்டுத்தான் அவர் ஊர் திரும்பினார்.

மற்றைய நூல் அன்றூ மார்வெல் என்னும் புலவரின் கவிதைத் தொகுதி. ஹல் நகரத்துப் பாராளுமன்ற உறுப்பினராக இருந்த மார்வெல் 1678இல் காலமானார். அவர் இறந்து மூன்று ஆண்டுகளின் பின் அச்சேறிய அந்தத் தொகுதியிலே, இணங்க மறுக்கும் காதலியை நோக்கி ஒருவன் பேசுவதாக அமைந்த கவிதை ஒன்று உண்டு. ஆங்கிலம் கற்றோர் பலர் அதனை அறிவர். இளமை கழிவதைப் பற்றிய கவிதை ஒன்றும், இளமையைக் கழித்து மீண்ட ஒருவரின் வரலாறும் ஒரே ஆண்டில் ஒரே நகரில் வெளிவந்தமை தற்செயலே. ஆயினும் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது ஒரு கேள்வி எழுகிறது. அந்தக் கேள்வியையே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

மார்வெலின் கவிதை தருக்க நூலார் முறையிலே மூன்று படிகளாக அமைந்தது. காலம் நமக்கு எல்லையற்றுக் கிடைக்குமானால் உன் நாணத்தைக் குறைசொல்ல மாட்டேன் என்பது முதற்படி. அப்போது அவள் கங்கைக் கரையில் மாணிக்கம் தேடித் திரியலாமாம். அவன் தன் ஊர் ஹம்பர் ஆற்றங்கரையில் நின்று முறையிட்டுக் கொண்டிருப்பானாம். ஆனால் காலம் விரைகிறது, முதுமையும் கல்லறையும் காத்திருக்கின்றன என்பது இரண்டாம் படி. ஆகவே இப்போதே இணங்கு என்பது மூன்றாம் படி. முதற்படியிலே நகைச்சுவை, இரண்டாவதிலே அச்சம், மூன்றாவதிலே அவசரம். வழக்கறிஞர் ஒருவர் வாதாடுவதுபோல் கவிதை நடக்கிறது.

இந்த வாதம் மார்வெலுக்கு மட்டும் உரியதன்று. றொபேட் ஹெரிக் என்னும் பாதிரியார் 1648இல் வெளியிட்ட தொகுதியிலே, பருவம் இருக்கும்போதே மணஞ்செய்து கொள்ளுங்கள் என்று கன்னியருக்கு அறிவுரை கூறினார். அவரோ கடைசிவரை மணஞ்செய்யாதவர்! 1609இல் அச்சான ஷேக்ஸ்பியரின் 154 பதினான்கடிப் பாடல்களிலே முதற் பதினேழும் அழகிய இளைஞன் ஒருவனை நோக்கி, உன் அழகு அழியுமுன் ஒரு பிள்ளையைப் பெற்று வை என்று வற்புறுத்துவன.

எமது கல்லூரியிலே ஆங்கில இலக்கியம் கற்பிக்கும் நண்பரொருவர் மார்வெலின் கவிதையை எனக்கு வரிவரியாக விளக்கினார். கேட்டு முடித்ததும், "அந்தப் பெண் என்ன மறுமொழி சொன்னாள்?" என்று கேட்டேன். நண்பர் சிரித்தார். "கவிதையில் அவள் பேசவே இல்லை" என்றார்.

பேசிய ஒருத்தி ஆங்கிலத்திலே இல்லாமற் போகவில்லை. 1593இல் இருபத்தொன்பது வயதிலே கொலையுண்ட கிறிஸ்தோபர் மாலோ, ஆட்டிடையன் ஒருவன் தன்னோடு வந்து வாழுமாறு காதலியை அழைக்கும் பாடலொன்றைப் பாடினார். பூப்படுக்கையும் கம்பளி ஆடையும் தருவதாக ஆசை காட்டும் பாடல் அது. 1600இல் வெளியான ஒரு தொகுப்பிலே அதற்குப் பக்கத்திலேயே பெண்ணின் மறுமொழியும் அச்சிடப்பட்டது. அதனைப் பாடியவர் சேர் வோல்டர் ராலே என்பர். அந்தப் பெண்ணும் காலத்தையே பேசுகிறாள். ஆனால் அவள் காணும் முடிவு வேறு. பூவும் வாடும், ஆடையும் கிழியும், உன் சொல்லும் அப்படித்தானே என்கிறாள். காலம் விரைகிறது என்பது இணங்குவதற்குக் காரணமானால், மறுப்பதற்கும் அதுவே காரணமாகலாம் என்பதை அவள் கண்டுகொண்டாள்.

இனி நமது இலக்கியத்துக்கு வருவோம். கலித்தொகையைச் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் முதன்முதலாகப் பதிப்பித்தார். அதிலே பாலைக்கலியைப் பாடியவர் சேரமான் பெருங்கடுங்கோ என்பது மரபு. பொருள் தேடிப் பிரியத் துணிந்த தலைவனைத் தடுத்து நிறுத்தும் பாட்டுகள் அங்கே பல. செலவழுங்குவித்தல் என்று இலக்கணகாரர் இதற்குப் பெயரிட்டனர். வாதாடுபவள் பெரும்பாலும் தோழி. பொருள் இன்று போனால் நாளை தேடலாம். நீ திரும்பி வரும்போது இவள் இளமையை எந்தச் சந்தையில் வாங்குவாய் என்பது அவள் கேள்வியின் கருத்து. ஒரே ஆடையைக் கிழித்து இருவரும் உடுக்கும் வறுமை வந்தாலும் கூடியிருப்பதே வாழ்க்கை என்னும் எண்ணமும் அங்கே உண்டு. இதனைப் பாடியவர் செல்வத்தை அறியாத வறியவர் அல்லர், ஓர் அரசர்!

ஆங்கிலக் காதலன் சொன்ன அதே காரணத்தைத்தான் தோழியும் சொல்கிறாள். ஆனால் திசை மாறிவிட்டது. அங்கே ஆண், தன் ஆசைக்காகப் பெண்ணை நோக்கிப் பேசுகிறான். இங்கே பெண், தனக்கென எதையும் கேளாமல், இன்னொரு பெண்ணுக்காக ஆணை நோக்கிப் பேசுகிறாள்.

நாலடியாரை எடுத்துப் பாருங்கள். அதன் இரண்டாம் அதிகாரம் இளமை நிலையாமை. இளமை நில்லாது, ஆகவே பற்றை விடு என்பது அங்கே முடிவு. ஒரே உண்மையிலிருந்து காதலன் இன்பத்துக்குப் போகிறான். தோழி இல்லறத்துக்குப் போகிறாள். துறவி காட்டுக்குப் போகிறார். காலம் என்னும் சாட்சியை யார் அழைத்தாலும் அது வந்து சாட்சி சொல்கிறது. ஆகவே சாட்சி சொல்வது உண்மைதானா என்று மட்டும் கேட்டால் போதாது. அதை அழைத்தவர் யார், யாருக்காக அழைத்தார் என்றும் கேட்க வேண்டும்.

இதனை நான் நூல்களிலிருந்து கற்றேன் என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. என்னுடைய தமக்கையார் ஆசிரியப் பயிற்சிக்குத் தெரிவாகியிருந்த காலத்தில் வீட்டிலே கலியாணப் பேச்சு எழுந்தது. பயிற்சி முடியட்டும் என்று அவர் சொன்னார். "வயது போகுது" என்று பெரியவர்கள் சொன்னார்கள். படித்த தம்பி சொன்னால் கேட்பாள் என்று என்னை அனுப்பினார்கள். நானும் போய் அதே வார்த்தையைச் சொன்னேன். அவர் சோற்றை இறக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "வயது எனக்குத்தானே தம்பி போகுது. உங்களுக்கு ஏன் அவசரம்?" என்றார். என்னிடம் மறுமொழி இருக்கவில்லை. அவர் பயிற்சிக்குப் போகவும் இல்லை. எங்களுடைய வாதம் வென்றது. மார்வெலின் காதலியைப் பற்றி நண்பரிடம் கேட்டபோது, என் காதிலே ஒலித்தது தமக்கையின் குரல்தான்.

அவர் கேட்டதுதான் நான் தொடக்கத்திற் குறிப்பிட்ட கேள்வி. அவசரம் சொல்பவர் ஒருவர். காலம் போவது இன்னொருவருக்கு. இந்த இருவரும் ஒருவரே ஆகும்போதுதான் அந்த வாதம் நேர்மையுடையதாகிறது. பாலைக்கலித் தோழி தன் நலத்துக்காகப் பேசவில்லை; தலைவியின் மனத்தை அறிந்து அவள் வாயாகப் பேசுகிறாள். நானும் ஒரு பெண்ணின் இளமையைப் பற்றித்தான் பேசினேன். ஆனால் அவள் மனத்தை ஒருமுறையேனும் கேட்டறிந்தேனா?

மீண்டும் நொக்ஸிடம் வருவோம். அவரோடு சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயர் சிலர் இங்கேயே பெண்ணெடுத்துப் பிள்ளைகளும் பெற்றனர். இளமை கழிகிறதே என்று அவர்கள் எண்ணியிருந்தால் அதிற் பிழை காண முடியாது. நொக்ஸ் இசையவில்லை. மணம் தன்னை இந்த நாட்டோடு பிணைத்துவிடும் என்று கருதி, எலதெத்த என்னும் ஊரிலே தனியராகவே வாழ்ந்தார். காலத்தின் அருமையை அவரைவிட அறிந்தவர் யார்? இருந்தும் அவர் காத்திருந்தார். அது அவருடைய இளமை. அதை என்ன செய்வது என்று தீர்மானிக்கும் உரிமையை மன்னனின் சிறையும் பறிக்கவில்லை.

மார்வெலின் கவிதை சிறந்த கவிதை. அதில் எனக்கு ஐயமில்லை. அதனை மாணவர்க்குச் சொல்லுங்கள். சொல்லும்போது, பேசாமல் இருக்கும் அந்தப் பெண்ணுக்காகச் சற்று நேரம் வகுப்பிலே மௌனமாக இருங்கள். யாராவது ஒரு மாணவி எழுந்து பேசக்கூடும்.