இளைஞர் மனக்கவலையும் இல்லத்தார் கடமையும்

(ஆண்டுவிழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இம் மந்திர் மார்க்கில் உள்ள நம் தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளி விடும் வேளையில், பிள்ளைகளின் முகங்களைச் சற்றே நின்று பாருங்கள். பொதுத்தேர்வு நெருங்கிவிட்டால், பதினேழு வயது முகத்தில் அறுபது வயதுக் கவலை படிந்திருக்கும். இரவு இரண்டு மணிக்கும் விளக்கு எரிவது கண்டு நாம் மகிழ்கிறோம். புத்தகம் ஒரே பக்கத்தில் திறந்து கிடப்பதைக் கவனிப்பதில்லை. "தேறாவிட்டால்? தேறியும் கல்லூரியில் இடம் கிடைக்காவிட்டால்?" என்று மனம் செக்குமாடுபோல் சுற்றுகிறது. ஒன்றை எண்ணித் துணிவது வேறு; எண்ணியெண்ணி மாய்வது வேறு.

"தைரியமாயிரு" என்று சொல்லிவிட்டால் இது தீருமா? சென்னையில் 1986-ஆம் ஆண்டு டாக்டர் லட்சுமி விஜயகுமார் அவர்கள் தற்கொலைத் தடுப்புக்கென 'ஸ்நேகா' நிலையத்தைத் தொடங்கினார். தேர்வு முடிவு வெளியாகும் நாட்களில் மாணவர்கள் உயிரை மாய்த்துக்கொள்ளும் கொடுமையைக் கண்ட அந்நிலையத்தார், மறுதேர்வு வேண்டுமென்று அரசை வற்புறுத்தினர். தவறியவர் ஓராண்டு காத்திராமல், விரைவிலேயே மீண்டும் எழுதி, அவ்வாண்டே கல்லூரி சேரத் தமிழ்நாட்டில் வழி பிறந்தது. அதன்பின் தேர்வுத் தோல்வியால் உயிர்விடுவோர் தொகையும் குறைந்தது. பிள்ளையின் அச்சம் பாடத்தைப் பற்றியதன்று. "இனி வழியில்லை" என்பதைப் பற்றியது.

ஆகவே முடிவு வருமுன்னரே, தந்தையும் பிள்ளையும் அமர்ந்து மாற்று வழிகளைத் தாளில் எழுதுங்கள். மத்தியக் கல்வி வாரியம் பன்னிரண்டாம் வகுப்புக்குத் துணைத்தேர்வு நடத்துகிறது. பத்தாம் வகுப்புக்கு 2026 முதல் ஆண்டுக்கு இரு தேர்வுகள். தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் தவறினால் ஜி.டி.யில் ஊர் போய்ச் சேருகிறவர்கள்தாமே நாம்!

காலனியில் மதிப்பெண் விசாரிப்பதை நாம் ஒரு பண்டிகையாகவே கொண்டாடுகிறோம். மாமிமார் மன்னிக்கவேண்டும், மாமாக்களும் இதில் சளைத்தவர் அல்லர். இவ்வாண்டு அப்பண்டிகைக்கு விடுமுறை விடலாம்.

இன்னொரு எளிய முறையும் உண்டு. மாலையில் கால்மணி நேரம் ஒதுக்கி, மனத்தை அரிப்பவற்றையெல்லாம் பிள்ளை ஒரு நோட்டில் எழுதட்டும். இரவில் அதே எண்ணம் எழுந்தால், "நாளை மாலை பார்க்கலாம்" என்று ஒத்திப்போடப் பழகலாம். அதைப் பிறர் பிரித்துப் படிக்கலாகாது.

உறக்கமும் உணவும் இரண்டு வாரமாகக் கெட்டிருந்தாலோ, "நான் இருந்தென்ன" என்ற பேச்சு ஒருமுறை வந்தாலோ, காலம் தாழ்த்தாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். 2022 அக்டோபர் 10 முதல் மத்திய அரசின் 'டெலி மனஸ்' உதவி, 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் இலவசமாகக் கிடைக்கிறது. தமிழிலும் பேசலாம், இந்தி தெரியாத தாய்மாரும் தயங்காமல் அழைக்கலாம்.