சந்திரனுக்குக் குறிவைத்த பீரங்கி

விஞ்ஞானக் கதை எழுதுகிறவர் எவ்வளவு தூரம் பொய் சொல்லலாம்? பொய்யே கூடாதென்றால் கதை பாடப்புத்தகமாகிவிடும். எந்தப் பொய்யும் சொல்லலாமென்றால் விக்கிரமாதித்தன் கதைக்கும் அதற்கும் பேதமில்லாமற் போய்விடும். இவ்விரண்டுக்கும் நடுவேயுள்ள வரப்பு எங்கே ஓடுகிறதென்பதை, சந்திர யாத்திரையைப் பற்றி இரண்டு ஆசிரியர்கள் எழுதிய நாவல்களைக் கொண்டு பார்ப்போம்.

பிரெஞ்சு ஆசிரியர் ஜூல் வெர்ன் 1865-ஆம் வருஷத்தில் வெளியிட்ட நாவலில், அமெரிக்காவின் புளோரிடா மாகாணத்தில் 900 அடி நீளமுள்ள பீரங்கியொன்றை மண்ணுக்குள் செங்குத்தாக வார்த்து, அலுமினியக் குண்டொன்றில் மனிதரை ஏற்றிச் சந்திரனை நோக்கிச் சுடுவதாக எழுதினார். சந்திரன் உச்சந்தலைக்கு நேரே வரக்கூடிய இடம் பூமத்திய ரேகையிலிருந்து 28 பாகைக்குள்தான் உண்டென்று கணக்கிட்டு அவர் தெரிந்தெடுத்த அதே புளோரிடாவிலிருந்துதான், நூறு வருஷங்களுக்குப் பின் அப்பல்லோ கலங்களும் கிளம்பின.

ஆனால், கணக்குப் பார்த்தவரையே கணக்கு காலை வாரிவிட்டது. வினாடிக்குச் சுமார் 11 கிலோமீட்டர் வேகத்தை 900 அடிக்குள் எட்டுவதென்றால், பிரயாணிகளின் மேல் அவரவர் எடையைப்போல் இருபதாயிரம் மடங்குக்கு மேற்பட்ட பாரம் அழுத்தும். அதிர்ச்சியைத் தாங்க வெர்ன் அடித்தளத்தில் நிரப்பிவைத்த மூன்றடித் தண்ணீர் அதற்கு எம்மாத்திரம்!

அதன் தொடர்ச்சியாக வெர்ன் எழுதிய நாவலில் ஒரு காட்சி. புறப்பாட்டு அதிர்ச்சியில் அடிபட்டு இறந்த நாயைப் பிரயாணிகள் ஜன்னல் வழியே வெளியே எறிந்துவிடுகிறார்கள். பிறகு எட்டிப் பார்த்தால், அது எங்கும் விழுந்து மறையாமல் குண்டின் பக்கத்திலேயே கூடவே வந்துகொண்டிருக்கிறது. இது சத்தியமான பௌதிகம். ஆனால், வெளியே நாய் மிதப்பதற்கு எது காரணமோ, அதே காரணத்தால் உள்ளே இருக்கும் மனிதரும் வழிநெடுக மிதக்கவேண்டுமென்பது வெர்னுக்குத் தோன்றவில்லை; பூமியின் இழுப்பும் சந்திரனின் இழுப்பும் சமமாகிற ஓரிடத்தில் மட்டுமே அவர்களை மிதக்கவிட்டார்.

ஆங்கில ஆசிரியர் எச். ஜி. வெல்ஸோ, 1901-இல் இந்தத் தொல்லைகளையெல்லாம் ஒரே வீச்சில் தவிர்த்துவிட்டார். ஈர்ப்பைத் திரைபோட்டு மறைக்கும் 'கேவரைட்' என்ற பொருளைக் கற்பனை செய்து, தம் கதாபாத்திரங்களைச் சந்திரனில் இறக்கினார். அப்படியொரு பொருள் எங்கே இருக்கிறது, காட்டட்டுமே என்று வெர்ன் குறைபட்டுக்கொண்டார். ஆனால் வெல்ஸுக்கு யந்திரம் வெறும் வாசற்கதவு. உள்ளே, பிறவி முதலே அவரவர் தொழிலுக்கேற்றபடி உடலை வளைத்து வளர்க்கும் சந்திரவாசிகளின் சமுதாயத்தைக் காட்டி, நம் சமுதாயத்தை நினைக்கவைப்பதே அவர் நோக்கம். வெர்னுக்கோ யந்திரமே கதாநாயகன். ஆகையால் அதற்கு ஜாதகம் சரியாக இருக்கவேண்டியிருந்தது.

வெர்னின் கதைகளே தம் மனத்தில் முதல் வித்தை ஊன்றின என்று சொன்ன ருஷ்யப் பள்ளி ஆசிரியர் ஸியால்கோவ்ஸ்கி, படிப்படியாக வேகத்தைக் கூட்டிச் செல்லும் ராக்கெட்டே விண்வெளிக்கு வழியென்பதை 1903-இல் கணிதத்தால் விளக்கினார். அளவும் எடையும் சொல்லி எழுதிய பொய்யில் இந்தச் சௌகரியம் உண்டு: படிப்பவர் பென்சிலை எடுத்து அதைச் சரிபார்க்கலாம். ஜன்னலுக்கு வெளியே மிதந்துவந்த அந்த நாய், வெர்னுக்கு எதிராக வெர்னே கொண்டுவந்து நிறுத்திய சாட்சியல்லவா?