மனு போதும், இனி கேள்வி!

மில்லில் ஷிப்ட் முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக இங்கே வந்திருக்கும் தோழர்களே, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கும் நண்பர்களே, எல்லாருக்கும் முன்னால் வந்து இடம்பிடித்திருக்கும் தாய்மார்களே!

தெருவில் சாக்கடை அடைத்துக்கொண்டால் நாம் என்ன செய்கிறோம்? மனு எழுதுகிறோம். ‘உயர்திரு ஐயா அவர்களுக்கு’ என்று ஆரம்பித்து, ‘தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்’ என்று முடிக்கிறோம். திங்கட்கிழமை ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு விருதுநகர் கலெக்டர் ஆபீஸ் வரிசையில் போய் நிற்கிறோம். அந்த மனு எங்கே போகிறது தெரியுமா? திரும்பி நம் ராஜபாளையம் நகராட்சிக்கே வருகிறது! நடந்து போகிற தூரத்தில் இருக்கிற ஆபீசுக்கு, விருதுநகர் வரை சுற்றி வந்து மனு கொடுக்கிறோம். இந்த அலைச்சலை நிறுத்தத்தான் இந்தக் கூட்டம்.

ராஜபாளையம் நகராட்சியில் 42 வார்டு. ஸ்ரீவில்லிபுத்தூர் நகராட்சியில் 33 வார்டு. இரண்டு ஊரிலும் சேர்த்து 75 கவுன்சிலர்கள். 2011 கணக்கெடுப்பின்படி இங்கே 1 லட்சத்து 30 ஆயிரம் பேர், அங்கே 75 ஆயிரம் பேர். இத்தனை பேருடைய குடிநீர், குப்பை, தெருவிளக்கு, ரோடு எல்லாவற்றையும் அந்தந்த நகராட்சி மன்றத்தில்தான் முடிவு செய்கிறார்கள். போன மாதக் கூட்டத்தில் எத்தனை தீர்மானம் நிறைவேறியது, உங்களில் யாருக்காவது தெரியுமா? எந்த வேலைக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள் தெரியுமா? அஜெண்டாவைப் பார்த்தவர் யாராவது உண்டா? நகராட்சி மன்றம் என்பது ரகசியக் கூட்டமா, தாய்மார்களே?

2022 ஏப்ரலில் தமிழ்நாடு முழுக்கச் சொத்து வரி ஏறியது. நம் ஊர்களில் 600 சதுர அடி சின்ன வீட்டுக்குக்கூட 25 சதவீதம் ஏறியது. பெரிய வீட்டுக்கும் கடைக்கும் அதைவிட அதிகம். உள்ளாட்சிக்குப் பணம் வேண்டும் என்றார்கள். சரி, வேண்டும்தான். ஒப்புக்கொள்கிறோம். நாம் கட்டத் தவறினால் நோட்டீஸ் வருகிறது. கட்டிய பணம் என்ன ஆனது என்று நமக்கு ஒரு வரியாவது வருகிறதா?

“ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஓட்டுப் போடுகிறீர்களே, அது போதாதா?” என்று கேட்கிறார்கள். அந்த ஓட்டின் கதையைச் சொல்கிறேன், கேளுங்கள். நகராட்சிகளின் ஆயுள் ஐந்து ஆண்டு; அது முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்தியாக வேண்டும். இது நான் சொல்வது அல்ல, அரசியல் சட்டத்தின் 243-யு பிரிவு சொல்வது. ஆனால் என்ன நடந்தது? 2016 அக்டோபரில் மன்றங்களின் காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் எப்போது? 2022 பிப்ரவரி 19! ஐந்து ஆண்டுக்கு மேல் கவுன்சிலர் கிடையாது, சேர்மன் கிடையாது. எல்லாம் தனி அலுவலர் கையில். அந்த ஐந்து வருடமும் வரி வாங்காமல் விட்டார்களா? டெண்டர் விடாமல் இருந்தார்களா? நம் ஊரைச் சுற்றியுள்ள கிராமங்களைப் பாருங்கள். 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு ஊராட்சித் தலைவர்களின் காலம் முடிந்தது. அங்கேயும் தனி அலுவலர் வந்தார். ஓட்டை அவர்கள் தள்ளிவைக்க முடியும். கேள்வியை யாராலும் தள்ளிவைக்க முடியாது!

கேள்வி கேட்பது ஏதோ நேற்று முளைத்த பழக்கம் என்று எண்ணிவிடாதீர்கள். ஆயிரத்து நூறு வருடத்துக்கு முன்னால், முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில், உத்திரமேரூர்க் கோயில் சுவரில் வெட்டி வைத்தார்கள்: ஊர்ச் சபையின் வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் மறுபடி குடவோலைத் தேர்வுக்கு நிற்கக் கூடாது, அவன் நெருங்கிய உறவினரும் நிற்கக் கூடாது. அந்தச் சபையில் பெண்ணுக்கு இடமில்லை, நிலமில்லாதவனுக்கு இடமில்லை. அந்த அநியாயத்தை நான் மறைக்க மாட்டேன். ஆனால் அன்றைக்கு இருந்த அந்தக் கணக்கு விதி, எல்லாருக்கும் ஓட்டு இருக்கிற இன்றைக்கு எங்கே போயிற்று?

ராஜஸ்தானில் 1994-ல் ஏழை விவசாயிகளும் கூலி ஆட்களும் என்ன செய்தார்கள்? ஊர்ப் பொதுவெளியில் கூட்டம் போட்டு, ஊராட்சி வேலைக்கான பில்லையும் மஸ்டர் ரோல் என்ற கூலிப் பட்டியலையும் உரக்க வாசித்தார்கள். வேலையே செய்யாதவர் பெயரில் கூலி எழுதியிருந்தது அம்பலமானது. 1996-ல் பியாவர் என்ற ஊரில் 40 நாள் தர்ணா இருந்தார்கள். “எங்கள் பணம், எங்கள் கணக்கு” என்பதுதான் அவர்கள் கோஷம். அந்தத் தெருவில் பிறந்த கோரிக்கைதான் 2005-ல் தகவல் அறியும் உரிமைச் சட்டமானது. இங்கிலாந்தில் மார்கரெட் தாட்சர், பின்னாளில் பிரதமரானாரே அந்த அம்மையார், நாடாளுமன்றத்தில் 1960-ல் தன் முதல் பேச்சையே எதற்காகப் பேசினார்? உள்ளாட்சி மன்றக் கூட்டங்களுக்குள் பத்திரிகையாளரையும் பொதுமக்களையும் விட வேண்டும் என்ற மசோதாவுக்காக! அது சட்டமாயிற்று. இன்று அங்கே பல மன்றங்களில் பொதுமக்கள் கேள்விக்கென்றே நேரம் ஒதுக்குகிறார்கள். அவர்கள் ஊரில் முடிகிறது, நம் ஊரில் முடியாதா?

நம்மிடமும் சட்டம் இருக்கிறது, தோழர்களே. வார்டு கமிட்டி, பகுதி சபை என்று 2010-லேயே சட்டம் செய்தார்கள். அதற்கு விதி எழுத 12 வருடம் ஆயிற்று! 2022 நவம்பர் 1-ல் அன்றைய முதலமைச்சரே சென்னையை அடுத்த பம்மலில் பகுதி சபையில் உட்கார்ந்து மக்கள் பேசியதைக் கேட்டார். கிராமத்துக்குக் கிராம சபை போல நகரத்துக்குப் பகுதி சபை. அதை போட்டோ எடுக்கிற கூட்டமாக மாற விடக்கூடாது. நாம் போகாவிட்டால் அது அப்படித்தான் மாறும்.

போய் எப்படிக் கேட்பது? “ரோடு எப்போது போடுவீர்கள்?” என்று கேட்டால், “நடவடிக்கை எடுக்கப்படும்” என்று பதில் வரும். அந்தப் பதிலை வாங்கவா போகிறோம்? ராஜபாளையத்தில் பாதாளச் சாக்கடைக்கும் தாமிரபரணிக் கூட்டுக் குடிநீருக்கும் தெருத் தெருவாகத் தோண்டியதை நாம் எல்லாரும் பார்த்தோம், புழுதியையும் குடித்தோம். நகராட்சியைக் கேட்டால் குடிநீர் வாரியம் என்பார்கள். வாரியத்தைக் கேட்டால் நகராட்சி என்பார்கள். ஆகவே இப்படிக் கேளுங்கள்: எங்கள் தெருவில் தோண்டிய பள்ளத்தை மூடிப் பழையபடி ரோடு போடும் பொறுப்பு யாருடையது? எஸ்டிமேட் எவ்வளவு? வேலை உத்தரவு எந்தத் தேதி? முடிக்க வேண்டிய தேதி எது? அளவுப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்ட அதிகாரி யார்? போட்ட ரோடு பெயர்ந்தால் எத்தனை நாளைக்குக் காண்ட்ராக்டர் பொறுப்பு? இந்த ஆறு கேள்விக்கும் மழுப்பிப் பதில் சொல்ல முடியாது.

பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பம் போடுங்கள், பத்து ரூபாய் போதும். அந்தச் சட்டப்படி 30 நாளில் பதில் தர வேண்டும். காரணமில்லாமல் இழுத்தடித்தால் நாள் ஒன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25 ஆயிரம் ரூபாய் அந்த அதிகாரியின் சொந்தப் பணத்திலிருந்து அபராதம். இன்னொன்றும் நிறையப் பேருக்குத் தெரியாது. நடக்கிற வேலையை நேரில் பார்வையிடவும், போட்ட ஜல்லி, சிமென்டில் மாதிரி எடுக்கவும் அந்தச் சட்டம் உங்களுக்கு உரிமை கொடுத்திருக்கிறது!

“கேள்வி கேட்டால் பகை வரும்” என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். முதியோர் பென்சன் நின்றுவிடுமோ, குழாய் இணைப்பைத் துண்டித்துவிடுவார்களோ என்ற பயம் எனக்குப் புரிகிறது. ஒருத்தர் கேட்டால் பகை. தெருவே கேட்டால் அது கணக்கு! ஆகவே தெருவாகக் கேளுங்கள். “கூட்டத்தில் அரசியல் புகுந்துவிடும்” என்கிறார்கள். எந்தக் கட்சி மன்றத்தில் இருந்தாலும் இதே கேள்வியைத்தான் கேட்கப் போகிறோம். ஆளுங்கட்சி வார்டிலும் கேட்போம், எதிர்க்கட்சி வார்டிலும் கேட்போம். “கவுன்சிலருக்கே அதிகாரிகள் பதில் சொல்வதில்லை” என்று சில கவுன்சிலர்களே வருத்தப்படுகிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வேன்: ஐயா, அம்மா, உங்கள் பின்னால் நாங்கள் நின்று கேட்டால் உங்கள் குரலுக்கும் பலம் வரும். தமிழ்நாட்டில் உள்ளாட்சிப் பதவிகளில் பாதி பெண்களுக்கு. பல ஊர்களில் அவர்கள் நாற்காலிக்குப் பக்கத்தில் கணவர் நின்று பதில் சொல்கிறார். நாம் ஓட்டுப் போட்டது அந்தப் பெண்ணுக்கு. அவரிடமே கேட்போம். அவரையே பேசவிடுவோம்.

1949 முதல் 1952 வரை சென்னை மாகாண முதல்வராக இருந்த பி.எஸ். குமாரசாமி ராஜா, குடியிருந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்துவிட்டுப் போன ஊர் இது. சொந்தச் சொத்தைப் பொதுவுக்குக் கொடுத்தவரைப் பார்த்த மண்ணில், பொதுச் சொத்துக்குக் கணக்குக் கேட்பது குற்றமா?

நம் கோரிக்கை மூன்று. ஒன்று: ஒவ்வொரு மன்றக் கூட்டத்தின் அஜெண்டாவையும், தீர்மானங்களையும், வரவு செலவையும் நகராட்சி வாசலிலும் ஒவ்வொரு வார்டிலும் தமிழில் ஒட்ட வேண்டும். இரண்டு: மன்றக் கூட்டத்தில் அரை மணி நேரம் பொதுமக்கள் கேள்விக்கு ஒதுக்க வேண்டும், இரண்டு நகராட்சிகளும் இதற்குத் தீர்மானம் போட வேண்டும். மூன்று: பகுதி சபையில் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் அடுத்த சபைக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும்.

இதை அவர்களாகக் கொடுக்க மாட்டார்கள். ஆகவே இன்றிரவு வீட்டுக்குப் போனதும் தெருக்காரர்கள் நாலு பேர் உட்காருங்கள். ஒரே ஒரு கேள்வியை எழுதுங்கள். கீழே தெருவில் உள்ள அத்தனை பேரும் கையெழுத்துப் போடுங்கள். அடுத்த பகுதி சபைக்கு அந்தக் காகிதத்தோடு வாருங்கள். பதிலை எழுத்தில் வாங்காமல் திரும்பாதீர்கள்.