பின்னல் கோலாட்டமும் ஆங்கிலக் கிராம நடனமும்



சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பழவேற்காடு, 1613ஆம் ஆண்டில் டச்சுக்காரர் கோட்டை கட்டிய ஊர் என்பதை நீங்கள் அறிந்திருப்பீர்கள். ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக நம் நாட்டின் பெரிய உவர்நீர் ஏரி அங்குதான் இருக்கிறது. அவ்வேரிக்கரை மீனவக் குப்பம் ஒன்றில் நான் பல ஆண்டுகள் ஆசிரியனாக இருந்தேன். அங்கே பெண்கள் ஆடிய பின்னல் கோலாட்டத்தைப் பற்றியும், அதனை ஒத்த ஆங்கிலக் கிராம நடனத்தைப் பற்றியும் இன்று சில கூற விரும்புகிறேன்.

உயரத்திலிருந்து தொங்கும் வண்ணக் கயிறுகளை ஆளுக்கொன்றாகப் பற்றி, மறு கையில் கோலேந்தி, ஒருத்தி உள்ளும் மற்றொருத்தி புறமுமாகப் புகுந்து ஆடுவது பின்னல் கோலாட்டம். ஆட ஆடக் கயிறுகள் சடைபோற் பின்னிக்கொள்ளும். எதிர்த்திசையில் ஆடினால் அவிழும். ஒருத்தி அவசரப்பட்டாலும் எல்லார் கயிறும் சிக்கிவிடும். முறை காத்தலே இவ்வாட்டத்தின் உயிர். எங்கள் குப்பத்துப் பிள்ளைகளுக்கு இது எளிதில் வந்தது. பழவேற்காட்டு மீனவர் ‘பாடு’ என்னும் ஏற்பாட்டின்படி, ஏரியில் வளமான இடங்களை முறைவைத்துப் பகிர்ந்துகொண்டு வலையிடுவோர். தன் முறைக்குக் காத்திருப்பது அப்பிள்ளைகள் வீட்டிலேயே கற்ற பாடம்.

இங்கிலாந்திலும் மே மாதத் தொடக்கத்தில் நட்ட கம்பத்தைச் சுற்றி ஆடுவது பழைய வழக்கம். ஆனால், கம்பத்தில் நாடாக்களைப் பின்னி ஆடும் ஆட்டம் 19ஆம் நூற்றாண்டிலேதான் பள்ளிகளிற் பரவிற்று. ஆசிரியப் பயிற்சிக் கல்லூரிகளிற் பயின்ற மங்கையர் அதனைத் தங்கள் பள்ளிகளுக்குக் கொண்டு சென்றனர். கோலடித்து ஆடும் ‘மாரிஸ்’ ஆட்டமும் அங்கே உண்டு. ஆடுவோர் காலில் நம் சலங்கை போன்ற மணிகளைக் கட்டியிருப்பர். 1448ஆம் ஆண்டிலேயே லண்டன் பொற்கொல்லர் சங்கத்தார் மாரிஸ் ஆடியவர்களுக்குப் பணம் கொடுத்த குறிப்பு கிடைத்திருக்கிறது. 1651இல் ஜான் பிளேஃபோர்டு என்பவர் நூற்றுக்கு மேற்பட்ட நாட்டுப்புற நடனங்களை இசையோடு அச்சிட்டார்.

எனினும், தொழிற்பெருக்கத்தால் கிராமங்கள் மாறியபோது இவ்வாட்டங்கள் பல அருகின. 1899ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள், ஆக்ஸ்போர்டை அடுத்த ஹெடிங்டனில் தம் மாமியார் வீட்டில் தங்கியிருந்த செசில் ஷார்ப் என்னும் இசையாசிரியர், வாயிலில் சிலர் மாரிஸ் ஆடுவதைக் கண்டார். அவர்கள் குளிர்காலத்தில் வேலையின்றிக் காசுக்காக ஆட வந்த தொழிலாளர். அவர்களுக்கு இசைத்த வில்லியம் கிம்பர் ஒரு கட்டடத் தொழிலாளி. ஷார்ப் மறுநாளே அவரை வரவழைத்து மெட்டுகளை எழுதிக்கொண்டார். 1905இல் மேரி நீல் என்னும் அம்மையார் அதே கிம்பரை லண்டனுக்கு அழைத்து, தையல் வேலை செய்த ஏழைப் பெண்களுக்கு ஆடக் கற்பிக்கச் செய்தார். பிழையற ஆடவேண்டுமென்றார் ஷார்ப்; மகிழ்ச்சியோடு ஆடினாற் போதுமென்றார் நீல். இருவரும் பிணங்கினர். 1911இல் ஷார்ப் ஆங்கில நாட்டுப்புற நடனச் சங்கத்தை நிறுவினார். அவருடைய ஆட்டக் குழுவினர் நால்வர் 1916இல் போர்க்களத்தில் மாண்டனர். ஆயினும் மெட்டுகளும் அடவுகளும் ஏட்டில் இருந்தமையால் அவ்வாட்டம் அவர்களோடு மறையவில்லை.

இனி என் தவற்றைச் சொல்கிறேன். 1991ஆம் ஆண்டில் எங்கள் பள்ளி ஆண்டு விழாவுக்காகக் குப்பத்து மூதாட்டி ஒருவர் மாணவியருக்குப் பின்னல் கோலாட்டம் கற்பித்தார். அடிக்கு அடி கால்வைப்பு மாறும் நீண்ட பாட்டு அது. நேரமில்லையென்று நான் அதனை 5 நிமிடமாகக் குறைத்தேன். திரும்பவேண்டிய இடங்களில் ஊதல் ஊதினேன். கைதட்டல் பலமாக இருந்தது. விழா முடிந்தபின் அம்மூதாட்டி, “வாத்தியாரையா, பாட்டுல இருக்கிறதுதான் காலுக்கு வழி. ஊதலுக்கு அது தெரியாது” என்றார். நான் சிரித்தேன். முழுப் பாட்டையும் பிறகு எழுதிக்கொள்ளலாம் என்றிருந்தேன். வேற்றூருக்கு மாற்றலாகிச் சில ஆண்டுகள் கழித்து நான் திரும்பியபோது அவர் இல்லை. அன்று ஆடிய பெண்களைக் கேட்டேன். நான் வெட்டிக் குறைத்த அந்த 5 நிமிடப் பாட்டுத்தான் அவர்களுக்கு நினைவிலிருந்தது.

ஆகவே மாணவர்களே! விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது ஒரு குறிப்பேட்டை எடுத்துச் செல்லுங்கள். பாட்டியிடமோ, அண்டை வீட்டு முதியவரிடமோ அமர்ந்து, பாட்டை முழுமையாகக் கேட்டு எழுதுங்கள். எந்த அடியில் கால் எப்படி மாறுகிறது, எந்நாளில் எவர் ஆடுவர் என்பவற்றையும் குறியுங்கள். எழுதியபின் ஏட்டை மூடி வைத்துவிடாமல், அவர் முன்னிலையிலேயே ஒருமுறை ஆடிக் காட்டித் திருத்தம் கேளுங்கள். இதனைப் பிறகு செய்யலாம் என்று மட்டும் எண்ணாதீர்கள்.